கடற்கரைத் தெருவில் ஒரு கூரை ஆய்வு: பொறியாளர் சங்கம் ஊருக்கு என்ன செய்ய முடியும்

பொறியாளர் சங்கம் என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது செப்டம்பர் 15, பொறியாளர் தினம். விஸ்வேஸ்வரய்யா படத்துக்கு மாலை போட்டு, மண்டபம் பிடித்து ஒரு கூட்டம் நடக்கும், கூடவே ஒரு ரத்ததான முகாம், ஏதாவது ஒரு பள்ளியில் மரக்கன்று நடுதல். நல்ல காரியங்கள்தான், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரத்தம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், மரம் யார் வேண்டுமானாலும் நடலாம். ஒரு வீட்டின் கூரை தாங்குமா தாங்காதா என்பதை, வீட்டுக்காரரிடம் காசு வாங்காமல், கட்டிக் கொடுத்தவருக்கும் பயப்படாமல், கையெழுத்துப் போட்டுச் சொல்வது பொறியாளர்களால் மட்டுமே ஆகிற காரியம். அதிலும் தனி ஆளாக அதைச் செய்வது ரொம்பக் கஷ்டம். சங்கம் என்று ஒன்று இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

குமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரைத் தெருவில் எங்கள் சங்கம் செய்த கூரை ஆய்வைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஊர்ப் பெயரையும் சங்கத்தின் பெயரையும் போடவில்லை. அங்கே இருப்பவர்கள் நாளைக்கு வீட்டை அடகு வைக்கவோ, மகளுக்கு எழுதிக் கொடுக்கவோ போகிறவர்கள். "அந்தத் தெரு வீடெல்லாம் மோசமாம்" என்று ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

எப்படித் தொடங்கியது

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடி அதிக உயிர்களை இழந்தது கன்னியாகுமரி மாவட்டம். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று பெயர் சொன்னாலே இன்றைக்கும் முகம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த சில வருடங்களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் கடற்கரை முழுக்க வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்த அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தற்காலிகக் கொட்டகையில் குழந்தைகளோடு கிடந்த குடும்பத்துக்கு ஒரு மழைக்காலம் முன்னால் வீடு கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் அந்த அவசரத்தில் வார்த்த கூரைகளுக்கு இப்போது வயது ஏறக்குறைய இருபது, கடலோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அந்தத் தெருவில் ஒரு வீட்டின் அடுக்களையில், ஆள் இல்லாத நேரத்தில், கூரையிலிருந்து ஒரு பாளம் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. அடுப்புக்கு நேர் மேலே. ஒரு மணி நேரம் முன்னால் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்குப்பேரவையில் (தேவாலயப் பங்கு மக்களின் மன்றம்) அதைப் பேசப்போக, ஒவ்வொருவராக எழுந்து தன் வீட்டிலும் கம்பி தெரிகிறது, தன் வீட்டிலும் பூச்சு கொட்டுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பங்கிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. நிதி கேட்டோ மனு எழுதித் தரச் சொல்லியோ வந்த கடிதம் இல்லை. "இந்த வீடுகளில் தொடர்ந்து வசிக்கலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்" என்ற ஒரே வரிதான் அதில் விஷயம்.

சங்கத்துக்குள் நடந்த வாக்குவாதம்

இதை மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் வேறு ஊரில் யாராவது இதே வேலையை எடுத்தால் இதே கேள்விகள்தான் வரும்.

முதல் கேள்வி, இலவசமாகப் பார்த்துக் கொடுத்தால் நம் பிழைப்பு என்ன ஆகும் என்பது. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் சின்ன அலுவலகம் வைத்து, பிளான் போட்டு வயிறு வளர்க்கிற இளம் பொறியாளர்கள் கேட்ட கேள்வி, நியாயமானதுதான். அதற்குக் கிடைத்த பதிலும் நியாயமானது. அந்தத் தெருவில் யாரும் கட்டணம் கட்டி ஆய்வு செய்யப் போவதில்லை, அதனால் நாம் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை.

இரண்டாவது கேள்விதான் கூட்டத்தைப் பாதி நாள் இழுத்தது. நாம் பயமில்லை என்று சொல்லி, பிறகு விழுந்தால் யார் பொறுப்பு? ஒருவர் பேசாமல் ஒதுங்கிவிடலாம் என்றார். இன்னொருவர், மூத்தவர், பொதுப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், "நாம சொல்லாட்டியும் விழத்தான் போகுது, அப்ப மட்டும் நமக்குப் பொறுப்பு இல்லையா?" என்று கேட்டார். கடைசியில் அறிக்கையில் எதைக் கண்ணால் பார்த்தோம், எதைத் தட்டிப் பார்த்தோம், எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்கவில்லை என்று தனித்தனியாக எழுதுவது, ஒருவராகக் கையெழுத்துப் போடாமல் குழுவாகப் போடுவது என்று முடிவானது. பயம் தனி ஆளுக்கு வருவதுதான். அதைப் பங்கு போட்டுக்கொள்ளத்தானே சங்கம்.

மூன்றாவது, சொல்லப்போனால் முக்கியமானது: ஆய்வுக்குப் போகிற யாரும் அந்தத் தெருவில் பழுது பார்க்கும் வேலையை எடுக்கக் கூடாது. தானும் எடுக்கக் கூடாது, தம்பி பெயரிலும் மச்சான் பெயரிலும் எடுக்கக் கூடாது. பழுதுபார்க்கும் ரசாயனம் விற்கிற கம்பெனியிடம் இந்த வேலைக்கு ஒரு பேனா கூட வாங்கக் கூடாது. சிலருக்கு இது கசந்தது, ஒன்றிரண்டு பேர் ஆய்வுக் குழுவிலிருந்து விலகினார்கள். போகட்டும். மருத்துவர் சொல்கிற நோயும் அவரே வைத்திருக்கிற மருந்துக்கடையும் ஒன்றாக இருந்தால் நோயாளி எதை நம்புவார்? அந்த ஒரு விதி இல்லையென்றால் மீதி எல்லாம் வெறும் வியாபாரமாகப் போயிருக்கும்.

என்ன பார்த்தோம்

பெரிய கருவி எதுவும் கொண்டுபோகவில்லை. அரை கிலோ சுத்தியல், உளி, டார்ச், ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிய கவர் மீட்டர் (கம்பியை மூடியிருக்கிற கான்கிரீட்டின் கனத்தை, அதாவது கவரை, அளக்கிற கருவி), பினாப்தலீன் கரைசல், சில்வர் நைட்ரேட் கரைசல். கான்கிரீட்டில் மோதித் துள்ளித் திரும்புகிற அளவை வைத்து வலிமை சொல்கிற ரீபவுண்ட் ஹேமரும் கையில் இருந்தது, ஆனால் அதன் எண்ணை நாங்கள் நம்பவில்லை. பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றில் உள்ள கரியமில வாயுவால் இறுகிப்போயிருக்கும். உள்ளே நிலைமை மோசமாக இருந்தாலும் கருவி நல்ல எண்ணைக் காட்டும். அந்த எண்ணை அறிக்கையில் போட்டால் படிக்கிறவர் ஏமாந்து போவார்.

சுத்தியல்தான் அதிகம் பேசியது. கூரையின் அடிப்பக்கத்தைக் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே பிரிந்துபோன இடத்தில் பொத்தென்று கேட்கும். வெளியே வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்த கூரைகளில்கூட பொத்தென்று கேட்ட இடங்கள் இருந்தன. அதைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வரும்போது வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஒரு வீட்டில் பாளம் பெயர்ந்த இடத்தில் உளியால் புதிதாகக் கொஞ்சம் உடைத்து பினாப்தலீனைத் தெளித்தோம். காரத்தன்மை மிச்சமிருக்கிற கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். கூரையின் உள்பாகம் மாறியது. கம்பியைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் நிறமே வரவில்லை, சாம்பலாகவே நின்றது. பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், பிளஸ் டூ படிக்கிறவன், "அப்போ கம்பிக்கு இப்ப பாதுகாப்பே இல்ல, அப்படித்தானே சார்?" என்று கேட்டான். அப்படித்தான். நல்ல கான்கிரீட் காரமானது, அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கித் துருப்பிடிக்காமல் காக்கும். கரியமில வாயு அந்தக் காரத்தை மெல்ல மெல்லத் தின்னும். உப்பில் உள்ள குளோரைடு அதைவிட மோசம், காரம் இருக்கும்போதே படலத்தைத் துளைத்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த இடத்துக்காகத்தான் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. கூரையில் கம்பி போகிற வழியே நேர்கோடாக விரிசல் தெரிந்தால் அதற்கு இதுதான் அர்த்தம்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? உப்புக்காற்றை மட்டும் குற்றம் சொல்லலாம் என்றுதான் பலர் நினைத்தார்கள். தெருவின் பொதுக்கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் எடுத்து அதில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டோம். குளோரைடு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். விட்ட இடத்திலிருந்தே வெள்ளையாகக் கலங்கி, கொஞ்ச நேரத்தில் குடுவை முழுக்க மங்கிப்போனது. குடிக்க ஆகாது என்று வருடக்கணக்கில் அந்தத் தெரு ஒதுக்கி வைத்த தண்ணீர் அது. வீடு கட்டும்போது கான்கிரீட் குழைத்ததும், பிறகு நனைத்து வைத்ததும் அந்தக் கிணற்றிலிருந்துதான் என்று வயதானவர்கள் சொன்னார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குழைக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456 சொல்கிறது. கலங்கலைப் பார்த்து அளவு சொல்ல முடியாது, அதனால் அதே தண்ணீரை ஆய்வகத்துக்கும் அனுப்பினோம். வரம்பைத் தாண்டியே வந்தது.

கவர் மீட்டர் சொன்ன கதை இன்னும் நேரடியானது. கூரைக் கம்பிக்குக் கீழே ஒரு விரல் தடிமன் கான்கிரீட்கூட இல்லாத இடங்கள் நிறைய. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்துகிற சின்னக் கட்டையான கவர் பிளாக் வைக்காமல் சல்லித் துண்டை முட்டுக் கொடுத்துக் கம்பியை நிறுத்தி, வார்ப்பன்று ஆட்கள் அதன்மேலேயே நடந்து, சல்லி நகர்ந்து, கம்பி பலகையில் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். யாரும் திருடவில்லை, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

விதிக்கும் தெருவுக்கும் நடுவே உள்ள பள்ளம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐ.எஸ். 456, 2000-ஆம் வருடப் பதிப்பு. அதாவது சுனாமிக்கு முன்னாலேயே இருந்த விதி. கடலோரச் சூழலைக் "கடுமையானது" என்று அது வகைப்படுத்துகிறது. அங்கே கட்டுகிற கம்பி கான்கிரீட் குறைந்தது எம்30 தரம் (எண் கூடினால் வலிமை கூடுதல்), கம்பிக்குக் கவர் 45 மில்லிமீட்டர், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது, ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட். கடல்நீர் தெறிக்கிற இடம் என்றால் இன்னும் ஒரு படி மேலே போய் எம்35, கவர் 50 மில்லிமீட்டர்.

இப்போது தெருவுக்கு வாருங்கள். நம் கொத்தனார்களுக்குக் கைவந்த கலவை சிமெண்ட், மணல், சல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. அது எம்20. விகிதத்தை மட்டும் வைத்துக் குழைப்பதற்கு அந்த விதியே எம்20-க்கு மேல் அனுமதி தரவில்லை, எம்30 என்றால் அந்த மணலுக்கும் அந்தச் சல்லிக்கும் தனியாகக் கலவை வடிவமைக்க வேண்டும். ரெடிமிக்ஸ் லாரி அந்தச் சந்துக்குள் நுழையாது. நாலு இஞ்சு வார்ப்பில் 45 மில்லிமீட்டர் கவர் கொடுத்தால் பாதி வார்ப்பு கவரிலேயே போய்விடும், எனவே வார்ப்பையே தடிப்பாக்க வேண்டும், செலவு ஏறும். விதி தெரியாததால் மட்டும் இப்படி நடக்கவில்லை. விதியைத் தெருவில் செய்யக்கூடிய வடிவத்துக்கு யாரும் மாற்றித் தரவில்லை. மாவட்டத்தில் இத்தனை பொறியாளர் இருந்தும், இத்தனை பொறியியல் கல்லூரி இருந்தும், கடலோர ஊரில் கையாலோ மெஷின் போட்டோ குழைக்கிற ஒரு மேஸ்திரிக்கு என்ன அளவு போட வேண்டும் என்று ஒரு பக்கத் தாள் இல்லை. அந்தத் தாளை எழுதுவதுதான் சங்கத்தின் வேலை என்று நினைக்கிறேன், கருத்தரங்கம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சொன்ன விதம்

அறிக்கையைத் தமிழில் எழுதினோம். வீட்டுக்கு ஒரு பக்கம். சுவரில் பெயிண்டால் அடையாளம் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது, வேண்டாம் என்று விட்டோம். சிவப்பு வட்டம் போட்ட வீட்டுக்கு நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள்கூடத் தயங்குவார்கள். தாளை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, உட்கார்ந்து வாசித்துக் காட்டினோம்.

ஒரு வீட்டில் கவர், குளோரைடு என்று ஒரு நண்பர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டுப் பாட்டி குறுக்கிட்டார். "மக்களே, எனக்க வீடு விழுமா விழாதா, அத மட்டும் சொல்லு. மத்த கணக்க நீயே வச்சுக்க."

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. நண்பர் ஒரு நிமிடம் யோசித்து, "பாட்டி, வீடு நிக்கும். நடு அறையில மட்டும் இனி யாரும் படுக்க வேண்டாம், மேல இருக்க டேங்க இன்னைக்கே காலி பண்ணிருங்க" என்றார். ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன். கம்பி மெலிந்துபோன கூரையின் நடுவில் அந்த ஒரு டன் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு மாலைக்குள் தெருப் பையன்கள் சேர்ந்து டேங்கை இறக்கிவிட்டார்கள். அந்தத் தெருவில் எங்கள் ஆய்வால் முதலில் நடந்த நல்லது அதுதான்.

வீடுகளை மூன்றாகப் பிரித்தோம். அறையை உடனே காலி செய்து முட்டுக் கொடுக்க வேண்டியவை, இந்த வருடத்துக்குள் பழுது பார்க்க வேண்டியவை, வருடா வருடம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியவை. முட்டுக் கொடுக்க ஜாக்கியும் பலகையும் வேண்டும். அதற்கு மட்டும் உறுப்பினர்கள் தங்கள் சைட்டில் இருந்ததை எடுத்து வந்து கொடுத்தார்கள், வாடகை பேசவில்லை.

பழுது பார்ப்பதில் மக்களுக்குச் சொல்ல வேண்டியிருந்த கசப்பான செய்தி ஒன்று உண்டு. கொட்டின இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டால் போதும் என்றுதான் எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள். துருவின் மேல் பூசின பூச்சு அடுத்த மழையில் இன்னும் கொஞ்சம் கான்கிரீட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். சரி, கம்பிக்குப் பின்னால் வரை உடைத்து, துருவைச் சுத்தமாக எடுத்து, மெலிந்த கம்பிக்குப் புதுக் கம்பி சேர்த்து, நல்ல பாலிமர் கலவையால் அடைத்தால்? அது நிற்கும், ஆனால் உப்பு கூரை முழுக்க ஊறியிருந்தால் ஒட்டுப் போட்ட இடத்துக்கு அக்கம்பக்கத்தில் அடுத்த துரு தொடங்கும். துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் தன்னைக் கொடுத்துப் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நாம் சரிசெய்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. எனவே சில வீடுகளுக்கு ஒட்டுப் போடுவதே வீண்செலவு, கூரையை இறக்கிப் புதிதாக வார்ப்பதுதான் மலிவு என்று எழுத வேண்டியிருந்தது. கடன் வாங்கி ஏற்கெனவே இருமுறை ஒட்டுப் போட்ட வீட்டில் அதைச் சொல்வது சுலபமாக இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் மூன்றாவது கடனும் வாங்குவார்கள்.

பிறகு நடந்தவை, நடக்காதவை

மொத்த அறிக்கையை பங்குப்பேரவை மூலமாக ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளிலும், மீனவர் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்தார்கள். மனுவோடு ஆய்வு முடிவும் படமும் இருந்ததால் அதிகாரிகள் நேரில் வந்தார்கள், அது நல்ல மாற்றம். பணம் ஒதுக்குவது மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. கட்டிக் கொடுத்த அமைப்பு இப்போது மாவட்டத்திலேயே இல்லை என்ற வீடுகளும், பட்டா யார் பெயரில் என்பதில் குழப்பம் உள்ள வீடுகளும் எந்தத் திட்டத்திலும் உட்காராமல் நிற்கின்றன. முட்டுக் கொடுத்த அறையிலேயே மறுபடி படுக்கத் தொடங்கிய குடும்பமும் உண்டு. வேறு அறை இல்லை, என்ன செய்வார்கள்?

கொத்தனார்களோடு நடந்தது இதைவிடத் திருப்தியானது. உள்ளூர் மேஸ்திரிகளைக் கூப்பிட்டு, உடைந்த அதே கூரைத் துண்டுகளைக் கையில் கொடுத்தோம். யாரையும் குற்றம் சொல்லவில்லை. சிமெண்ட் காரையிலேயே கவர் பிளாக் வார்க்க அச்சு செய்து கொடுத்தோம். உள்ளூர் எம்-சாண்டும் சல்லியும் வைத்து ஒரு கலவை வடிவமைத்து, அதை ஒரு மூட்டை சிமெண்டுக்கு எத்தனை பெட்டி என்று மாற்றிக் கொடுத்தோம். தண்ணீருக்குத் தனி வாளி: 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு மொத்தம் 22½ லிட்டர், மணலில் இருக்கிற ஈரமும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். "இவ்வளவு கெட்டியா இருந்தா எப்படி சார் இழுக்கது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்குகிற பிளாஸ்டிசைசர் கலந்தும் வைப்ரேட்டர் போட்டும் எப்படி இறக்குவது என்று அவர்கள் முன்னாலேயே ஒரு சின்னப் பலகை வார்த்துக் காட்டினோம். இப்போது அந்தப் பக்கத்தில் வார்ப்புக்கு முந்தின நாள் சில மேஸ்திரிகளே எங்களைக் கூப்பிட்டு கம்பியைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

இதற்கு எதற்குச் சங்கம்?

பேச்சிப்பாறையையும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் காட்டித்தான் இந்த மாவட்டத்தில் பொறியியலைப் பெருமையாகப் பேசுவோம். 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணையைக் கட்டின பொறியாளர் மிஞ்சினை இன்றும் நன்றியோடு நினைக்கிற மண் இது. பறளியாற்றுக்கு மேலே 28 தூண்களில் 1960-களில் தண்ணீரைத் தூக்கிக் கொண்டுபோன தொட்டிப்பாலம் இன்னும் நிற்கிறது. ஆனால் அவற்றுக்கு ஒரு துறை உண்டு, பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. தெருவில் உள்ள வீட்டுக்கு அப்படி யாரும் இல்லை. 2021 டிசம்பர் 17 அன்று பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுக்கும் வேலை வேகம் பிடித்தது. உயிர் போன பிறகு பார்க்கிற பழக்கத்தை மாற்ற, கூப்பிடாமலே போய்ப் பார்க்கிற ஓர் அமைப்பு வேண்டும்.

விழுந்ததிலிருந்து கற்றுக்கொள்வதும் தனி ஆளால் ஆகாது. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பழையாற்றுப் பாலத்தின் மேல்தளம் சுனாமியில் தூண்களை விட்டுப் பிரிந்து அடித்துச் செல்லப்பட்டது. அடுத்த வாரங்களில் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர்களும் அமெரிக்காவின் நிலநடுக்கப் பொறியியல் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் சுனாமி தாக்கிய கடற்கரைகளில் நடந்து, உடைந்ததையும் உடையாததையும் படமெடுத்து எழுதி வைத்தார்கள். வெறும் எடையை நம்பித் தூணில் உட்கார்ந்திருக்கிற பாலத்தளத்தை வெள்ளம் கீழிருந்து தூக்கும், உத்திரங்களுக்கு நடுவே சிக்கிய காற்று இன்னும் எடையைக் குறைக்கும், பிறகு பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும். எனவே தளத்தைத் தூணோடு பிடித்து வைக்கத் தடுப்பு வேண்டும், காற்று வெளியேற வழி வேண்டும். இதை அடுத்த பாலம் கட்டுகிறவர் கையில் கொண்டு சேர்ப்பது தொழில்முறை அமைப்புகள்தான். எங்கள் தெரு ஆய்வு அதன் சின்ன வடிவம், வேறொன்றுமில்லை.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வழக்கறிஞருக்கு 1961 சட்டம் உண்டு, கட்டடக் கலைஞருக்கு 1972 சட்டம் உண்டு. தவறு செய்தால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், அத்தோடு தொழில் போச்சு. பொறியாளருக்கு இந்தியா முழுமைக்குமான அப்படிப்பட்ட சட்டம் இல்லை. 1920-ல் தொடங்கி 1935-ல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனம் சார்ட்டர்டு பொறியாளர் தகுதி தருகிறது, அது மதிப்புக்குரியது, ஆனால் அது இல்லாமலும் தொழில் செய்யலாம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகும் இந்த நிலை மாறவில்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிற வீட்டுக்குச் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலும் இடைத்தரகரும் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வேறு யாரும் வந்து பார்க்காத வீட்டுக்குக் கூடுதல் பொறுப்பு பொறியாளர் கையெழுத்தின் மேல்தான் விழுகிறது, அந்தக் கையெழுத்தைக் கேள்வி கேட்கச் சங்கத்தை விட்டால் ஆளில்லை.

பிரிட்டனில் சிவில் பொறியாளர் நிறுவனமும் கட்டமைப்புப் பொறியாளர் நிறுவனமும் சேர்ந்து 2005-லிருந்து ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கட்டடப் பாதுகாப்பு பற்றிய கவலையை எந்தப் பொறியாளரும் ரகசியமாக எழுதி அனுப்பலாம். பெயர், இடம், கம்பெனி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் வெளியிடுவார்கள். நம்மிடம் இதற்குப் பெரிய செலவு இல்லை. சம்பளம் வாங்குகிற இடத்தில் வாய் திறக்க முடியாத ஓர் இளம் சைட் இன்ஜினியர், "இங்கே கவர் பிளாக் இல்லாமல் வார்க்கிறார்கள்" என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். நம்பகமான மூன்று மூத்தவர்களும் ஒரு பூட்டுப் போட்ட பெட்டியும் இருந்தால் மாவட்ட அளவிலேயே தொடங்கலாம்.

அடுத்த ஆய்வு தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால், இன்னொரு கடற்கரை ஊரில். அங்கேயிருந்தும் கடிதம் வந்துவிட்டது. சங்கத்தில் தீராமல் கிடக்கிற ஒரு விஷயம், ஆய்வு முடிவுகளை ஊர்ப் பெயர் இல்லாமல் பொதுவில் வெளியிடலாமா என்பது. கட்டிக் கொடுத்தவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரின் அளவும் கவரின் அளவும் வெளியே வந்தால்தான் அடுத்த கடற்கரை ஊரில் வீடு கட்டுகிறவர் அதே தண்ணீரில் குழைக்க மாட்டார் என்று நாங்கள் ஒரு பக்கம் சொல்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் இதை வாக்கெடுப்புக்கு வைக்கிறோம்.